நான்கு செல்லோக்களும் ஒரு பழம்பாட்டும்

பாட்டு என்பது இசையும் சொல்லும் இணைந்து நிற்பது. அவ்விரண்டனுள் சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது பாட்டாகுமா என்னும் வினா, இசை பயில்வோர் உள்ளத்தில் என்றேனும் ஒருநாள் எழத்தான் செய்யும். மனிதர் பாடுவதற்கென்றே ஆக்கப்பட்ட ஒன்றை, ஒரு சொல்லும் உரைக்க இயலாத தந்திக் கருவிகளிடம் ஒப்படைப்பது முறைதானா? முறையெனின், அவ்வாறு மாற்றியமைப்போர் எதனைக் காக்க வேண்டும், எதனை விட்டுக்கொடுக்கலாம்? இவ்வினாக்களுக்கு ஐரோப்பிய இசை வரலாற்றில் கிடைக்கும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விடை காண முயல்வோம்.

அந்த எடுத்துக்காட்டு, ஜார்ஜ் பிரிடெரிக் ஹாண்டெல் என்னும் இசைமேதை 1711 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் அரங்கேற்றிய ‘ரினால்டோ’ என்னும் இசை நாடகத்தில் வரும் ஒரு பாட்டு. ‘லாஷா கியோ பியாங்கா’ என்பது அதன் இத்தாலிய முதற்குறிப்பு. இசை நாடகத்தில் ஒரு பாத்திரம் தன் உள்ளத்து உணர்ச்சியை நின்று பாடும் இத்தகைய தனிப்பாட்டை ‘ஆரியா’ என்பர். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தை ஐரோப்பிய இசை வரலாற்றாசிரியர் ‘பரோக்’ காலம் எனப் பெயரிட்டு வழங்குகின்றனர். அக்காலத்து ஆரியாக்களில் இன்றும் உலகெங்கும் ஒலித்துக் கொண்டிருக்கும் சிலவற்றுள் இஃது ஒன்று. பெண் குரலுக்கு எழுதப்பட்ட இப்பாட்டை மூன்று அல்லது நான்கு செல்லோக்கள் கூடி வாசிக்குமாறு மாற்றியமைப்பது இன்று வழக்கில் உள்ளது. செல்லோ என்பது, இசைப்போர் அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி. வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது.

சொல்லிருந்த பாட்டிலிருந்து சொல்லைப் பறித்துவிட்டார்களே என்று இதனைக் குறை கூறுவோரும் உண்டு. ஆனால் இம்மெட்டின் பிறப்பையும் வளர்ப்பையும் ஆராய்ந்தால் வியப்பான செய்தி ஒன்று வெளிப்படும். இம்மெட்டு பிறந்தபோது அதற்குச் சொல்லே இல்லை.

இம்மெட்டின் நடைக்கு மூலமானது ‘சரபாண்ட்’ என்னும் ஆடல். பதினாறாம் நூற்றாண்டில் இஃது ஸ்பானிய மொழி வழங்கிய நாடுகளில், விரைவும் துள்ளலும் மிக்க ஆடலாக இருந்தது. ஒழுக்கத்திற்கு ஒவ்வாத ஆடலென்று கருதி, 1583 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆட்சியினர் இதனைத் தடை செய்தனர். தடை செய்யப்பட்ட ஆடல் அழிந்துவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அது பிரான்சு நாட்டு அரசவைக்குள் நுழைந்தது. நுழைந்தபோது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பெருமிதமும் அடக்கமும் உடைய மெல்லாடலாக மாறியது. மூன்று தட்டுகள் கொண்ட தாளத்தில், முதல் தட்டில் தொடங்கி இரண்டாம் தட்டில் அழுந்தி நிற்பது இதன் தனி இயல்பு. நடப்பவன் ஓர் அடி எடுத்து வைத்து, அடுத்த அடியில் சற்றே தயங்கி நின்று, பின்பு தொடர்வது போன்றது இந்நடை. இந்தத் தயக்கத்தை நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் நமக்கு இது பயன்படும்.

ஹாண்டெல் 1685 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 ஆம் நாள் ஜெர்மனியில் ஹாலே என்னும் ஊரிற் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஹாம்பர்க் நகரத்திற்குச் சென்று, அங்கிருந்த இசை நாடக அரங்கில் வயலின் வாசிப்போருள் ஒருவராக அமர்ந்தார். வாத்துச் சந்தை என்று பெயர் பெற்ற சதுக்கத்தில் 1678 இல் திறக்கப்பட்ட அவ்வரங்கு, கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் காணத்தக்கதாக ஜெர்மானிய நாடுகளில் எழுந்த முதல் இசை நாடக அரங்கு. அங்கே 1705 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் நாள், தம் பத்தொன்பதாம் வயதில், ‘அல்மீரா’ என்னும் தம் முதல் இசை நாடகத்தை ஹாண்டெல் அரங்கேற்றினார். அந்நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் கண்டங்களைக் குறிக்கும் ஊர்வலம் ஒன்று வருகிறது. ஆசியக் கண்டத்தைக் குறிக்கும் குழுவினர் ஆடுவதற்காக அவர் ஒரு சரபாண்ட் எழுதினார். கருவிகள் மட்டுமே இசைக்கும் அந்தச் சிறிய ஆடலிசையே நம் பாட்டின் முதல் வடிவம். அதில் அழுகையும் இல்லை; சிறையும் இல்லை; வேடம் புனைந்தோர் மெல்ல அடியெடுத்து வைத்து நடந்தனர்; அவ்வளவே.

அடுத்த ஆண்டில் ஹாண்டெல் இத்தாலிக்குச் சென்றார். ரோமாபுரியில் அப்பொழுது பொது அரங்குகளில் இசை நாடகம் நடத்துவதற்குப் போப்பாண்டவரின் தடை இருந்தது. நாடகம் கூடாதெனினும், வேடமும் காட்சியும் இன்றி அறப்பொருளைப் பாட்டாற் கூறும் ‘ஒராட்டோரியோ’ என்னும் வகைக்குத் தடையில்லை. ஆதலின் 1707 ஆம் ஆண்டில் பெனெடெட்டோ பம்பிலி என்னும் கர்தினால் எழுதித் தந்த ஒரு நூலுக்கு ஹாண்டெல் இசையமைத்தார். அழகு, இன்பம், காலம், மெய்யுணர்வு என்னும் நால்வர் அதன் பாத்திரங்கள். அழகைத் தன்பால் நிறுத்திக்கொள்ள இன்பம் முயல்கிறது. உலகப் பொருள்களின் நிலையாமையைக் காலமும் மெய்யுணர்வும் எடுத்துரைக்கின்றன. அங்கே, முள்ளை விடுத்து மலரைப் பறித்துக்கொள்ளுமாறு அழகை அழைக்கும் இன்பத்தின் வாயில், ஹாம்பர்க் நகரத்து ஆடல் மெட்டை ஹாண்டெல் வைத்தார். ‘லாஷா லா ஸ்பீனா’ என்று தொடங்கும் அப்பாட்டில்தான் இம்மெட்டு முதன்முதலாகச் சொல்லைப் பெற்றது. அச்சொல்லும் மயக்கும் சொல்லே.

மேலும் நான்கு ஆண்டுகள் கடந்தன. ஹாண்டெல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். லண்டனில் ஹேமார்க்கெட் தெருவில் இருந்த இராணியார் அரங்கின் பொறுப்பை அப்போது ஏற்றிருந்த ஆரன் ஹில், டாஸ்ஸோ என்னும் இத்தாலியப் பெருங்கவிஞர் ஜெருசலேம் போரைப் பற்றி எழுதிய காப்பியத்திலிருந்து ஒரு கதையை எடுத்து நாடகத்திற்கு வரைவு செய்தார். ஜாக்கோமோ ரோஸி என்பவர் அதனை இத்தாலியப் பாடலாக்கினார். தாம் எழுதி முடிப்பதற்குள் ஹாண்டெல் இசையமைத்து முடித்துவிடுகிறார் என்றும், முழு நாடகமும் இரண்டு வாரங்களில் முடிந்தது என்றும் ரோஸி தம் முன்னுரையில் வியந்து குறித்துள்ளார். ஹாண்டெல் இருபத்தாறு வயது நிறைந்த மறுநாள், 1711 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று, நாடகம் அரங்கேறியது. அப்பருவத்தில் மட்டும் பதினைந்து முறை நடைபெற்றது. லண்டன் மேடைக்கென்றே இயற்றப்பட்ட முதல் இத்தாலிய இசை நாடகம் இதுவே.

கதையில் அல்மிரேனா என்னும் நங்கை ரினால்டோ என்னும் வீரனின் காதலி. ஆர்மிடா என்னும் மாயக்காரி அவளைக் கவர்ந்து சென்று தன் தோட்டத்திற் சிறை வைக்கிறாள். அங்கே ஜெருசலேம் நகரத்து அரசனாகிய ஆர்கான்டே அவளிடம் காதல் மொழி பேசுகிறான். சிறை வைத்தவரிடமிருந்தே காதல் மொழியைக் கேட்க நேர்ந்த அப்பெண் பாடும் மறுமொழியே நம் பாட்டு. தன் கொடிய விதியை நினைந்து அழவும், இழந்த உரிமையை எண்ணிப் பெருமூச்சு விடவுமாவது தன்னை விட்டுவிடுமாறு அவள் இரந்து நிற்கிறாள். சினமும் இல்லை; சாபமும் இல்லை; அழுவதற்கு மட்டும் அனுமதி கேட்கிறாள். இசபெல்லா ஜிரார்டோ என்னும் பாடகி அப்பாத்திரத்தை ஏற்றுப் பாடினார்.

இவ்வாறு ஆறே ஆண்டுகளில் ஒரே மெட்டு ஊர்வலத்தின் ஆடலாகவும், இன்பத்தின் அழைப்பாகவும், சிறைப்பட்டவளின் அழுகையாகவும் மூன்று உருவம் எடுத்தது. ஒரு கலைஞர் தம் மெட்டையே மீண்டும் பயன்படுத்துவதும், பிறருடைய மெட்டை எடுத்தாள்வதும் அக்காலத்திற் பெரும் குறையாகக் கருதப்படவில்லை. ஹாண்டெல் பிறந்த அதே ஆண்டில் பிறந்த யோகான் செபாஸ்டியன் பாக் என்பவரும் இதனையே செய்தார். 1733 ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டு இளவரசர் ஒருவரின் பிறந்தநாளுக்காக அவர் எழுதிய இசைப் படைப்பில், ஹெர்க்குலிஸ் என்னும் இளவீரனை மயக்கி உறங்க வைக்க இன்பம் ஒரு தாலாட்டுப் பாடுகிறது. மறு ஆண்டில் அந்தத் தாலாட்டே, குழந்தை இயேசுவைத் துயிற்றும் தாலாட்டாகப் பாக்கின் கிறிஸ்துமஸ் ஒராட்டோரியோவில் இடம் பெற்றது. மயக்குவதற்குப் பிறந்த மெட்டு வழிபாட்டிற்கு உரியதாயிற்று.

அங்ஙனமாயின் மெட்டுக்கென்று ஒரு பொருளே இல்லையா? சொல் எதைக் கூறுகிறதோ அதையே இசை ஏற்றுக்கொள்கிறதா? இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்க வேண்டும். ‘லாஷா கியோ பியாங்கா’ எஃப் மேஜர் என்னும் சுர அமைப்பில் உள்ளது. மேல்நாட்டு இசையில் மேஜர் அமைப்பு மகிழ்ச்சிக்கும், மைனர் அமைப்பு துயரத்திற்கும் உரியன என்று தொடக்க வகுப்பிற் கற்பிப்பதுண்டு. ஆனால் புகழ்பெற்ற இந்த அழுகைப் பாட்டின் முதற்பகுதி மேஜர் அமைப்பில் நிற்கிறது. ஆகவே துயரம் சுர அமைப்பிலிருந்து மட்டும் வந்ததன்று. அது நடையிலிருந்து வருகிறது. இரண்டாம் தட்டில் அழுந்தி நிற்கும் அந்தச் சரபாண்ட் தயக்கத்திலிருந்து வருகிறது. ஊர்வலத்தில் அத்தயக்கம் பெருமிதமாகத் தோன்றியது. இன்பத்தின் வாயில் கொஞ்சலாகத் தோன்றியது. சிறைப்பட்டவளின் வாயில், சொல்ல முற்பட்டுத் தொண்டை அடைத்து நிற்பதாகத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. பாட்டின் தொடக்கத்திலுள்ள சிறு தொடர்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் குரல் ஒரு கணம் நின்றுவிடுகிறது. சிறிது பாடுகிறாள், நிற்கிறாள், மீண்டும் சிறிது பாடுகிறாள், மீண்டும் நிற்கிறாள். தொடர்ந்து பேச இயலாதவர் பேசும் முறை இதுவே அன்றோ? அந்த மௌனங்களில் கேட்போர் அவளுடைய மூச்சைக் கேட்கின்றனர். பாட்டின் பொருளிற் பாதி அம்மௌனங்களில் உள்ளது.

சொல்லற்ற கருவிகளுக்கு இப்பாட்டை மாற்றும் முயற்சியும் நேற்றுத் தோன்றியதன்று. அரங்கேறிய ஆண்டிலேயே ஜான் வால்ஷ் என்னும் பதிப்பாளர் ‘ரினால்டோ’ பாட்டுகளை அச்சிட்டு விற்றார். வில்லியம் பேபல் என்னும் ஹார்ப்சிகார்ட் கலைஞர் 1717 இல் வெளியிட்ட தொகுப்பில், அந்நாடகப் பாட்டுகளைத் தனியொருவர் ஹார்ப்சிகார்டில் வாசிக்குமாறு மாற்றித் தந்தார். அவற்றுள் இப்பாட்டும் ஒன்று. ஹார்ப்சிகார்ட் என்பது தந்திகளைச் சிறு இறகுகளால் மீட்டி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி. அதன் ஒலி நீண்டு நில்லாது விரைவில் மங்கும். ஆகவே நீண்டு நிற்கும் குரலை அதில் வாசிக்க வேண்டுமெனின், நிற்கும் இடங்களைச் சிறுசிறு சுரங்களால் நிரப்ப வேண்டும். பேபலும் அணிகளை மிகுதியாகச் சேர்த்தார். 1731 இல் ஹாண்டெல் திருத்தி நடத்திய பின்னர் ‘ரினால்டோ’ நாடகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மேடையேறாது கிடந்தது. நாடகம் உறங்கியபோதும் பாட்டு உறங்கவில்லை என்றால், அதற்கு இத்தகைய அச்சும் மாற்றமைப்பும் துணை நின்றன என்பதை மறத்தலாகாது.

இனிச் செல்லோவின் வரலாற்றைச் சற்றுக் காண்போம். வயலின் குடும்பத்தில் அடிக்குரலை இசைத்த கருவி தொடக்கத்தில் உருவத்திற் பெரியதாய், கையாள்வதற்கு அரியதாய் இருந்தது. குடலிலிருந்து முறுக்கிய தந்தி மிகத் தாழ்ந்த சுரம் ஒலிக்க வேண்டுமாயின், அது நீளமாகவோ தடிமனாகவோ இருத்தல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடல் தந்தியின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் முறை பரவியது. எடை கூடியதால், குறைந்த நீளத்திலேயே தாழ்ந்த சுரம் தெளிவாக ஒலித்தது, கருவியும் சிறியதாயிற்று. ‘வயலன்செல்லோ’ என்னும் பெயர் 1665 இல் அச்சிடப்பட்ட ஓர் இத்தாலிய இசைநூலில் காணப்படுகிறது. 1689 இல் போலோஞா நகரத்து டொமெனிக்கோ காப்ரியெல்லி, துணைக் கருவி இன்றித் தனிச் செல்லோ வாசிப்பதற்கான படைப்புகளை எழுதினார். 1720 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாக் தம் ஆறு செல்லோத் தொகுப்புகளை இயற்றினார். அவ்வாறு தொகுப்புகளிலும் ஒவ்வொரு சரபாண்ட் உண்டு என்பது இங்கு நினைக்கத் தக்கது.

ஆயினும் இசை நாடக அரங்கில் செல்லோவின் தொழில் பணியாளன் தொழிலாகவே இருந்தது. பாடகி முன்னே நின்று பாட, செல்லோவும் ஹார்ப்சிகார்டும் கீழே அமர்ந்து அடிக்குரலைத் தாங்கும். இசையாசிரியர் அடிக்குரல் வரிசை ஒன்றை மட்டும் எழுதி, அதற்குரிய சுரக்கூட்டுகளை எண்களாற் குறிப்பார். செல்லோ அவ்வரிசையை வாசிக்கும். ஹார்ப்சிகார்ட் கலைஞர் எண்களைக் கண்டு அவ்வப்போது தம் அறிவால் கூட்டுகளை நிரப்புவார். அல்மிரேனாவின் பாட்டிலும் செல்லோவுக்குக் கிடைத்த இடம் இதுவே. அழுகை அவளுடையது, அவ்வழுகைக்கு நிலம் செல்லோவினுடையது.

செல்லோக்கள் மட்டுமே கூடி ஒரு குழுவாக இசைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. லைப்சிக் நகரத்துச் செல்லோ ஆசிரியர் ஜூலியஸ் கிளெங்கல், 1920 இல் பன்னிரண்டு செல்லோக்களுக்காக ஒரு துதியிசை எழுதினார். பிரேசில் நாட்டு வில்லா லோபோஸ், பாக்கின்பால் கொண்ட பற்றினால் 1930 இல் செல்லோக் குழு ஒன்றிற்கான படைப்பைத் தொடங்கினார். 1938 இல் ஒரு பெண் குரலுக்கும் எட்டுச் செல்லோக்களுக்கும் அவர் எழுதிய ஆரியா உலகப் புகழ் பெற்றது. 1972 இல் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பன்னிரு செல்லோக் கலைஞர்கள் கிளெங்கலின் படைப்பை வாசிக்கக் கூடினர். அக்கூட்டமே பின்னர் நிலையான குழுவாயிற்று. மிகத் தாழ்ந்த ஆண்குரலின் எல்லையிலிருந்து உயர்ந்த பெண்குரலின் எல்லை வரை ஒரே கருவி இசைக்கக் கூடியதாதலின், நான்கு செல்லோக்கள் சேர்ந்தால் நால்வகைக் குரலும் உடைய பாடகர் குழு ஒன்று அமைந்துவிடுகிறது.

இனி மாற்றமைக்கும் பணிக்கு வருவோம். நான்கு செல்லோக்களுக்கு இப்பாட்டை எழுத முற்படும் மாணவர் முதலிற் கேட்க வேண்டியது, பாட்டை எந்தச் சுருதியில் வைப்பது என்பது. செல்லோவின் நான்கு தந்திகள் கீழிருந்து மேலாக சி, ஜி, டி, ஏ என்னும் சுரங்களில் கூட்டப்படுகின்றன. ஹாண்டெல் எழுதிய எஃப் மேஜர் அமைப்பில் இந்நான்கு சுரங்களும் அடங்கியுள்ளன. அவ்வமைப்பில் மிகுந்த வலிமையுடைய ஐந்தாம் சுரம் சி. அதுவே செல்லோவின் மிகத் தாழ்ந்த வெறுந்தந்தி. விரல் வைக்காத தந்தி தடையின்றி அதிர்ந்து முழங்கும். எனவே தொடர் முடியும் இடங்களில் நான்காம் செல்லோவின் அடிக்குரல் நன்கு ஊன்றி ஒலிக்கும். மூலச் சுருதியை மாற்றத் தேவையில்லை.

இரண்டாவது, குரலை எந்த ஸ்தாயியில் வைப்பது? செல்லோவின் மிக உயர்ந்த தந்தியாகிய ஏ தந்தியின் வெறுஞ்சுரம்கூட, அல்மிரேனா பாடும் மிகத் தாழ்ந்த சுரத்திற்குக் கீழே உள்ளது. பாட்டை எழுதியபடியே வாசிக்க வேண்டுமாயின், முதற்செல்லோ அத்தந்தியில் மிக மேலே சென்று, கட்டைவிரலையும் தந்தியின்மேல் ஊன்றி வாசிக்க வேண்டும். இம்முறையை 1741 இல் பாரிசில் மிஷேல் கொரெட் வெளியிட்ட பயிற்சிநூலே விளக்கியுள்ளது. எனினும் பயில்வோர்க்கு அஃது அரியதே. ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால், மேலிரு தந்திகளிலேயே மெட்டு முழுவதும் அமைந்துவிடும்; செல்லோவின் மிக இனிய குரலும் அப்பகுதியிலேதான் உள்ளது.

ஆனால் இறக்கினால் வேறொரு சிக்கல் எழும். மேலிருந்த குரல் கீழே வந்தமையால், அதற்கும் அடிக்குரலுக்கும் இடையிலிருந்த வெளி சுருங்குகிறது. மூலத்தில் வயலின்களும் வியோலாவும் இசைத்த இடைக்குரல்கள், இப்போது அச்சிறு வெளிக்குள் அடங்க வேண்டும். தாழ்ந்த சுரங்கள் நெருங்கி நின்று ஒலித்தால் காதால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. கலங்கிய நீர் போல் ஒலி மங்கிவிடும். ஆதலின் அடிக்குரலுக்கு அருகே நெருக்கம் கூடாது. நெருக்கம் வேண்டுமாயின் மேலே இருக்கலாம். ஒரே சுரத்தை இருவர் வாசிக்கும் இடங்களில் ஒருவரை நிறுத்திவிடலாம். மூலத்தின் எல்லாச் சுரங்களையும் எடுத்துச் செல்வதைக் காட்டிலும், எந்தச் சுரம் இல்லாவிடில் கூட்டு நிறம் இழக்குமோ அந்தச் சுரத்தைக் காப்பதே மாற்றமைப்போர் கடமை. ஹார்ப்சிகார்ட் இல்லாத இடத்தில், எண்களால் மட்டும் குறிக்கப்பட்டிருந்த கூட்டுகளையும் அவர்களே சுரமாக எழுத வேண்டும். மூலத்தில் கலைஞரின் விருப்பத்திற்கு விடப்பட்டது, இங்கே ஏட்டில் உறுதியாகிறது. இஃது ஓர் உரையாசிரியரின் பணியை ஒத்தது.

மூன்றாவது, பாட்டின் அமைப்பு. இப்பாட்டு மூன்று பகுதியாக நடக்கிறது. முதற்பகுதி முடிந்ததும், மைனர் அமைப்பில் இடைப்பகுதி வருகிறது. தன் துயரமே தன் விலங்குகளை உடைக்கட்டும் என்னும் கருத்து அங்கே அமைகிறது. அதன் பின்னர் முதற்பகுதியே திரும்ப வரும். இடைப்பகுதியில் ஹாண்டெல் வயலின்களை நிறுத்திவிட்டுக் குரலையும் அடிக்குரலையும் மட்டும் விட்டார். துணை அனைத்தும் நீங்கிய தனிமை அது. செல்லோ மாற்றமைப்பில் நால்வரும் ஓயாது வாசித்தால் அத்தனிமை மறைந்துவிடும். முதற்செல்லோவும் நான்காம் செல்லோவும் மட்டும் வில்லால் இசைக்க, மற்ற இருவரும் ஹார்ப்சிகார்டின் இடத்தில் விரலால் தந்தியை மெல்ல மீட்டுவது பொருத்தமாக அமையும். முதற்பகுதி திரும்ப வரும்போது பாடகியர் தம் கற்பனையால் அணிகள் சேர்த்துப் பாடுவது அக்கால மரபு. செல்லோவிலும் அவ்வாறு செய்யலாம். அல்லது முதன்முறை தாழ்ந்த ஸ்தாயியில் ஒலித்த மெட்டை, தேர்ந்த கலைஞர் உள்ள குழுவில், இரண்டாம் முறை மூலத்தின் உயர்ந்த ஸ்தாயிக்கே கொண்டு செல்லலாம்.

இறுதியாகவும் முதன்மையாகவும் காக்க வேண்டியவை மௌனமும் மெய்யெழுத்துமாம். பாடகிக்கு மூச்சு முடியும். வில்லுக்கு மூச்சு இல்லை. திசை மாற்றித் திசை மாற்றி இழுத்தால் வில் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இந்த வசதியே இங்கு இடையூறு. இனிமையை நீட்டும் ஆசையால் கலைஞர் தொடர்களைப் பிணைத்துவிட்டால், அல்மிரேனாவின் தொண்டை அடைப்பு மறைந்துபோம். எஞ்சுவது ஓர் இனிய மெட்டு மட்டுமே. ஆகவே மௌனம் உள்ள இடங்களில் வில் தந்தியை விட்டு நீங்க வேண்டும். நால்வரும் ஒருங்கே மூச்செடுக்க வேண்டும்.

மெய்யெழுத்தின் செய்தியும் இத்தகையதே. பாட்டின் முதற்சொல் லகரத்தில் தொடங்குகிறது; அழுகையைக் குறிக்கும் சொல் பகரத்தில் தொடங்குகிறது. தமிழ் கற்ற மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. லகரம் இடையினம், நா தடையின்றி வழுக்கிச் செல்லும். பகரம் வல்லினம், இதழ்கள் மூடி, மூச்சு ஒரு கணம் தடைப்பட்டு, பின்னரே ஒலி பிறக்கும். அழுகை என்னும் சொல்லுக்கு முன் இதழ்கள் மூடுகின்றன. செல்லோவில் இதழ் இல்லை. ஆனால் வில் உண்டு. முதற்சுரத்தை மெல்லத் தொட்டுத் தொடங்கி, அந்தச் சொல்லின் இடத்திற் புதிய வில்வீச்சு எடுத்துச் சிறிதே அழுத்தித் தொடங்குமாறு ஏட்டிற் குறித்துவிட்டால், சொல் மறைந்தாலும் சொல்லின் தடம் மறையாது. இதனைச் செய்ய வேண்டுமாயின், மாற்றமைப்பவர் சுரங்களை மட்டும் படித்தாற் போதாது. பாட்டின் சொற்களையும் அவற்றின் பொருளையும் முன்னரே கற்றிருக்க வேண்டும்.

இப்போது முதல் வினாவுக்கு மீள்வோம். சொல் நீங்கிய பின் எஞ்சுவது பாட்டாகுமா? இம்மெட்டின் வரலாறு நமக்கு ஒரு விடை தருகிறது. 1705 இல் இது சொல்லின்றி இருந்தது; அப்போது அஃது ஆடல். 1707 இல் சொல்லைப் பெற்றது, பாட்டாயிற்று. இன்று நான்கு செல்லோக்களில் மீண்டும் சொல்லின்றி ஒலிக்கும்போது அது பழைய ஆடலாகத் திரும்பிவிடுவதில்லை. சிறைப்பட்ட ஒருத்தி அழுவதற்கு அனுமதி கேட்ட மூச்சு, மௌனமாகவும் தயக்கமாகவும் அதனுள் தங்கிவிட்டது. அதனைக் காத்து எழுதினால், இத்தாலிய மொழி அறியாதாரும் அவ்வேண்டுகோளின் துயரத்தை உணர்வர். காவாமல் எழுதினால், எல்லாச் சுரங்களும் சரியாக இருந்தும் பாட்டு இல்லாமற் போகும்.

இசை பயிலும் மாணவர்கள் ஒரு பாட்டைத் தம் கருவிக்கு மாற்ற நினைக்கும்போது, முதலில் அதனைத் தம் வாயாற் பாடிப் பார்ப்பது நலம். குரல் இனியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கே மூச்சு முடிகிறது, எங்கே இதழ்கள் மூடுகின்றன, எங்கே பேச்சுத் தடைப்படுகிறது என்பதை உடலே கற்பித்துவிடும். அதன் பின்னர் வில்லைக் கையில் எடுக்கலாம். முந்நூறு ஆண்டுகளாகப் பாடகியின் கீழே அமர்ந்து அவள் அழுகையைத் தாங்கி வந்த செல்லோவுக்கு, அவ்வழுகையைத் தானே பாடும் உரிமை அவ்வாறு கற்றவர் கையில்தான் பொருந்தும்.